ரெஜிபோம் ஆலா

சாய்ந்தமருது,
28.06.2024

அன்பின் மச்சான் றிம்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான், என் பசி, என் கணிதப் புள்ளிகள் ஆகிய மூவரில் முதல் இருவரும் நலம். மூன்றாமவருக்காக துஆச் செய்யவும். உன் சுகம் எப்படி? மலைக் குளிரில் மூக்கொழுகித் தடிமன் பிடித்ததா, அல்லது தடிமன் உன்னைக் கண்டு பயந்து ஓடிவிட்டதா?

உங்கள் மதரஸாவில் போன் பாவிக்க விடாதபடியால், உலகத்திலேயே கடைசியாகக் கடிதம் எழுதும் பதினேழு வயதுக்காரன் நானாகத்தான் இருப்பேன். தபாற்கந்தோரில் முத்திரை கேட்டபோது அந்த மனிசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன மகன், காதலிக்கா?" என்றார். "ஓம், தாடி முளைச்ச காதலி" என்றேன்.

ஹஜ் பெருநாள் விடுமுறை முடிந்து பஸ் ஏறும்போது நீ என்னிடம் ஒப்படைத்த பிள்ளை நலம். நாமிருவரும் இரண்டு வருடமாக, டீவிப் பெட்டிக்குள் வரும் அந்த வெள்ளை நுரைப் பலகை ரெஜிபோமை வெட்டி, ஒட்டி, விழுத்தி, மறுபடி ஒட்டி வளர்த்த விமானம் அல்லவா! நாலடி இறக்கையை விரித்துக்கொண்டு அலுமாரிக்கு மேல் படுத்திருக்கிறது. பற்றறி தீப்பிடித்தாலும் வீடு பிடிக்காமல் இருக்க, உன் கட்டளைப்படி அதை மண்சட்டிக்குள் வைத்திருக்கிறேன். உம்மா மூன்று நாளாக அந்தச் சட்டியைத் தேடுகிறார். மீன் ஆணம் வேறு சட்டியில் கொதிக்கிறது, உம்மாவும்தான்.

நீ கொப்பியில் எழுதித் தந்த சட்டங்களையும் வாசித்தேன். பறக்கவிடுமுன் ரிமோட்டோடு நாற்பது எட்டு வைத்துத் தள்ளிப் போய், அங்கிருந்தும் செட்டை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்களின் தலைக்கு மேல் கூடாது. வானத்தை மட்டும் பார்க்க ஒருவன் பக்கத்தில் இல்லாமல் கூடாது. கச்சான் காற்று கடல் பக்கம் தள்ளும்போது கூடாது. மச்சான், இத்தனை 'கூடாது'வையும் கூட்டினால் பறக்கவே கூடாது என்றுதானே விடை வருகிறது? ஆனாலும் பயப்படாதே. விமானத்துக்குள்ளேயே மானம் இருக்கிறது. இரண்டையும் விழுத்தமாட்டேன்.

உன் வாப்பாவைக் கரையில் கண்டேன். சீனிமுகம்மது மாமா வழமைபோலக் கவிழ்த்த தோணியில் ஏறி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீராசாஹிபு முதலாளியின் கரைவலைக்கு இருபத்திரண்டு பேர் கயிறு இழுக்கிறார்கள். ஆனால் மாமா தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டைத் தூக்கினால்தான் வலைத் தோணி கடலில் இறங்கும். தூரத்தில் ஆலாப் பறவைகள் வட்டமிட்டுத் தண்ணீரைக் குத்தும் விதத்தைப் பார்த்தே, கீழே நிற்பது சூடை மீனா கீரி மீனா என்று சொல்லிவிடுகிறாரே! "மாமா, அந்தக் கறுத்த தல ஆலாக்கு என்ன பேர்?" என்று கேட்டேன். "உன்ட பேர்தான். சும்மா சுத்தித் திரியுது" என்றார். நம் குடும்பத்தில் பகிடி எந்தப் பக்கத்தால் வருகிறது என்று இப்போது விளங்குகிறதா?

எழுத்துப் பிழைகளையும் எழுதியவனின் பிழைகளையும் பொறுக்கும்படி கேட்கும்,
ஹாதிக்.


விடுதி,
06.07.2024

அன்பின் மச்சான் ஹாதிக்குக்கு,

வஅலைக்கும் ஸலாம். அல்லாஹ்வின் உதவியால் சுகம். தடிமன் வந்து மூன்று நாள் தங்கிவிட்டுத்தான் போனது. உங்கள் வீட்டில் மாமி, மாமா எல்லோருக்கும் என் ஸலாமைச் சொல்லவும்.

இங்கு வரும் கடிதங்களை, ஓதித் தரும் உஸ்தாத் வாசித்த பிறகுதான் எங்களுக்குத் தருவார். தாடி முளைத்த காதலி என்ற இடத்தில் இரண்டு தரம் இருமினார். அடுத்த முறை யோசித்து எழுது.

'கூடாது' கொஞ்சம் கூடத்தான். ஆனால் முன்னால் சுழல்வது விளையாட்டு விசிறி இல்லை. ஒட்டும்போது கை தவறி அது என் விரலில் பட்டதும், மூன்று தையல் போட்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும். அது நம் விரல், நம் விளையாட்டு. மற்றவன் முகம் நம் விளையாட்டில் சேரவில்லையே.

கரைவலை இழுக்கும் நேரத்தில் கரைப்பக்கம் போகாதே. எல்லோரும் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மேலே வருவதைத் தட்டிவிட அவர்களுக்குக் கை இருக்காது.

இன்னொன்று. செம்மஞ்சள் நிறத்தை மாற்றாதே. அது அழகுக்கு அடித்ததில்லை. தூரத்தில் போனால் எது மேல், எது கீழ் என்று உனக்குத் தெரிய வேண்டும். பறப்பது விமானம்தான் என்று மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். உன்னை எனக்குத் தெரிந்தபடியால் எழுதுகிறேன்.

இது எனக்குக் கடைசி வருடம், முடிந்தால் மௌலவிப் பட்டம். பஸ் நிலையத்தில் வாப்பா சொன்னது காதிலேயே நிற்கிறது: "மௌலவிட வாப்பா எண்டு ஆக்கள் என்னக் கூப்புடக்குள்ள நான் கேளாத மாதிரி நடப்பன். ரெண்டாந்தரமும் கூப்புடுவாங்கதானே." கரையில் கண்டால் என் ஸலாத்தை அவருக்குச் சொல்.

உன் சுகத்துக்காக துஆச் செய்யும்,
றிம்சான்.


(எழுதினேன், அனுப்பவில்லை)

சாய்ந்தமருது,
14.07.2024, ஞாயிறு

மச்சான்!

ஸலாம், சுகம், விசாரிப்பு எல்லாம் கடைசியில். சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது.

நிறத்தை மாற்றிவிட்டேன். பொறு, கேள். வெள்ளை வயிறு, சாம்பல் முதுகு, கறுத்த தொப்பி. வாலில் மெல்லிய நூல் கட்டி, அதில் ரெஜிபோமில் வெட்டிய ஆறு குட்டி ஆலாக்கள். மோட்டரை நிறுத்திக் காற்றில் மிதக்கவிட்டால் அசல் ஆலாக் கூட்டம். நூற்றுக்கு நூறு. கணிதத்தில் எடுக்காததை இதில் எடுத்தேன்.

இன்று காலை தாழம்பற்றைக்குப் பின்னால் ஒளிந்து நின்று கடலுக்கு மேல் விட்டேன். ஒரே இடத்தில் வட்டம், குத்து, வட்டம், குத்து. மாமா எழும்பி நின்றார். நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். சிவப்புத் துண்டு மேலே போனது! "இறக்குங்கடா! ஆலா விழுந்து விழுந்து குத்துது, சூடை குமிஞ்சி கிடக்கு!" தேத்தண்ணிக் கொட்டிலில் இருந்தவர்கள் கோப்பைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மாமா அவர்கள் பக்கம் திரும்பியிருந்த நேரம், ஒருவரும் கடலைப் பார்க்குமுன் நான் விமானத்தை இறக்கிச் சாக்கில் போட்டுவிட்டேன்.

இப்போது தோணி வலையை விட்டுக்கொண்டு போகிறது. அது சுற்றி வருமுன் வீட்டுக்கு ஓடிவந்து எழுதுகிறேன். இனிப் போய் ஒன்றும் தெரியாத பிள்ளைபோலக் கயிறு பிடிக்க வேண்டும். வலையின் மடி வெறுமையாகக் கரைக்கு வந்து எல்லோரும் முழிக்கும்போது, "நான்தான் அந்த ஆலா!" என்று சொல்லப்போகிறேன். மாமாதான் முதலில் சிரிப்பார், பார்.

இனி வருவது அஸர் தொழுகைக்குப் பிறகு எழுதுவது.

மடி வரவில்லை. இரண்டு மணித்தியாலம் இழுத்தோம். பிறகு வலை கல்லில் மாட்டிக் கயிறு நின்றுவிட்டது. நான் வட்டமிட்ட இடத்துக்குக் கீழே கடலடிப் பாறைத் திட்டு, கல்லுப் பார், இருக்கிறதாம். எனக்குத் தெரியாது, மச்சான். மாமாவுக்குத் தெரியும். ஆனால் ஆலா அப்படிக் குத்தினால் மீன் பாரை விட்டு வெளியே வந்து நிற்கிறது என்றுதான் கணக்காம். மீன் சேரும் மடி ஓர் ஆள் உயரத்துக்குக் கிழிந்து வந்தது. அதற்குள் ஒரு போத்தலும் மூன்று நண்டும்.

நிப்றாஸ், மாமாவுக்கு அடுத்தபடி மீன் பார்க்கிறவன், கேட்டான்: "எங்க மாமா ஆலா? நான் பாக்கக்குள்ள ஒரு காகமும் இல்லியே."

"இரிந்திச்சுடா. ஏழு இரிந்திச்சு. எண்ணினன்."

வேறு ஒருவரும் காணவில்லை. முதலாளி ஏசவில்லை. மாமாவின் கண்களை மட்டும் உற்றுப் பார்த்தார். மாமா துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பக் கடலைப் பார்த்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை.


சாய்ந்தமருது,
23.07.2024

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வீட்டாரும் நலம். நீயும் உன் தடிமனும் பிரிந்ததையிட்டு அனுதாபங்கள்.

உன் கடிதம் கிடைத்தது. பதில் சுணங்கியதற்குத் தவணைப் பரீட்சைதான் காரணம். பௌதிகவியலில் விழும் பொருளின் வேகம் கேட்டிருந்தார்கள். என் புள்ளிகளை உதாரணமாகக் காட்டலாம் என்று எழுத நினைத்தேன். நம் தமிழ் ஆசிரியர் ஜெஸீம் சேரிடம் ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னேன்: கரைவலையில் ஓர் எழுத்தை உருவினால் கவலை. சேர் கைதட்டினார்.

விமானம் ஓய்வில் இருக்கிறது. காற்று சரியில்லை.

வேறு புதினம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடவும்.

உன்,
ஹாதிக்.


விடுதி,
01.08.2024

அன்பின் ஹாதிக்,

வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். உங்கள் எல்லோரின் சுகத்தையும் அல்லாஹ்விடம் வேண்டுகிறேன்.

என் ஸலாத்தை வாப்பாவுக்குச் சொன்னாயா? நீ எழுதவில்லை.

போன வெள்ளி கந்தோர் போனில் உம்மாவோடு ஐந்து நிமிடம் கதைத்தேன். வாப்பா இப்போது கரைக்குப் போவதில்லையாம். ஏன் என்று கேட்டேன். "கொஞ்சம் அசதி மகன், நீ ஓது" என்றார். வாப்பாவிடம் கொடுங்கள் என்றேன். பள்ளிக்குப் போய்விட்டாராம். காலை பத்து மணிக்கு எந்தத் தொழுகை, மச்சான்?

காய்ச்சலோடும் கரைக்குப் போகிற மனிசர் அவர். நான் பிறந்த அன்றும் மீன் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்க்க வந்தாராம்.

வீட்டில் எனக்கு ஒன்றும் சொல்லமாட்டார்கள். நீ போய்ப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுது. உன்னைத் தவிர நான் ஆரிடம் கேட்பது?

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
றிம்சான்.


சாய்ந்தமருது,
16.08.2024

அன்பின் மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் சுகம். அவ்விடமும் அப்படியே இருக்க வேண்டும்.

மாமாவைப் பார்த்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பயப்படாதே. கரையில் ஒரு நாள், மீன் இல்லாத இடத்தில் வலையை இறக்கச் சொல்லிவிட்டார் என்று ஒரு கதை. வலை கல்லில் மாட்டிக் கிழிந்துவிட்டது. அவர் ஆலாக்களைக் கண்டேன் என்றார். மற்றவர்கள் காணவில்லை என்கிறார்கள். வலையை மறுபடி கடலில் இறக்கும் அளவுக்காவது தைத்துப் பொத்த ஒன்பது நாள் சென்றது. அதற்குப் பிறகு முதலாளி நிப்றாஸை மீன் பார்க்க வைத்திருக்கிறார். மாமாவைக் கயிறு இழுக்கக் கூப்பிட்டார்களாம். அவர் போகவில்லை.

கண்ணில் பூ விழுந்திருக்கும் என்று மாமி அவரைக் கண் டொக்டரிடம் கூட்டிப் போனார். டொக்டர் எழுத்துப் பலகையில் கடைசி வரியையும் வாசிக்க வைத்துவிட்டு, "இந்த வயசுக்கு இப்பிடிக் கண்ண நான் காணல்ல" என்றாராம். நல்ல செய்திதானே என்று நினைத்தேன். கரையில் அதைக் கேட்டதும் கதை வேறு மாதிரிப் போனது. கண்ணில் பிழை இல்லாவிட்டால் மண்டையில்தான் பிழையாம்.

நான் போன நேரம் மாமா வாசலில் இருந்தார். கிணற்றுக் கட்டில் ஒரு காகம். அவர் உன் தங்கச்சி பஸ்மிலாவைக் கூப்பிட்டு, "மகள், அதில ஒரு காகம் இரிக்கா?" என்று கேட்டார். "ஓம் வாப்பா" என்றாள். தலையாட்டினார்.

நீ படிப்பைக் கவனி.

ஹாதிக்.


விடுதி,
20.08.2024

ஹாதிக்,

வஅலைக்கும் ஸலாம். சுகமாக இருக்கிறாயா?

நான் கேட்டு இரண்டு கிழமைக்குப் பிறகு நீ எழுதினாய். அந்தக் கடிதத்தில் ஒரு பகிடி இல்லை. உனக்கு டெங்கு வந்தபோதுகூட, நுளம்பு பரம்பரைக்கே உன் இரத்தம் வேண்டுமாம் என்று எழுதியவன் நீ. விமானத்தைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. வாப்பா கண்ட ஆலாக்களைப் பற்றி இருக்கிறது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் அறிவிக்கிறேன். வாப்பா வீட்டில் இருந்தால் அடுப்பு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். ஓதலை நிறுத்திக்கொண்டு ஊருக்கு வருவதற்கு உஸ்தாதிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். மாத முடிவில் பதில் சொல்வார். கயிறு இழுக்க எனக்குக் கை இருக்கிறது. பட்டம் வாப்பாவின் ஆசை. அந்த வாப்பாவே ஒரு காகத்தைக் காண்பதற்குச் சாட்சி கேட்கும்போது அதை வைத்து என்ன செய்ய?

இது கடைசி வருடம் என்று நீ பதில் எழுதாதே. எனக்கும் தெரியும்.

றிம்சான்.


சாய்ந்தமருது,
24.08.2024

றிம்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் வாப்பாவின் கண்ணில் பிழை இல்லை. மண்டையிலும் இல்லை. அவர் கண்டது நம் விமானத்தை. வெள்ளை அடித்து, வாலில் குட்டி ஆலாக்கள் கட்டி, நான்தான் விட்டேன். ஜூலை 14ஆம் திகதி உனக்கு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தை இத்தோடு வைத்திருக்கிறேன். அதன் முதல் பாதியை வாசிக்க இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. கிழிக்கவும் இல்லை. என்னை நல்லவனாகக் காட்டி வேறொரு கடிதம் எழுதினால் அதுவும் இன்னொரு வெள்ளைப் பெயின்ற்தான்.

அன்றே சொல்லியிருக்கலாம். வலை கிழிந்ததும் பயந்தேன். அடுத்த நாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தேன். பிறகு ஒவ்வொரு நாளும் அதற்கு முதல் நாளுக்காகவும் சேர்த்துப் பயந்தேன்.

இதை உஸ்தாதும் வாசிப்பார். வாசிக்கட்டும். உஸ்தாத், இவனை அனுப்பிவிடாதீர்கள்.

இதைத் தபாற்பெட்டியில் போட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் நேராக மாமாவிடம் போகிறேன்.

ஹாதிக்.


சாய்ந்தமருது,
01.09.2024

றிம்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் சுகம் கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். நீ பதில் எழுதாவிட்டாலும் நடந்ததை நான் எழுத வேண்டும்.

அன்று நான் போனபோது மாமா முற்றத்தில் கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

"எத்தின குட்டி கட்டின?" என்றார்.

"ஆறு மாமா."

"பெரிசோட ஏழு." தவிட்டுக் கையைப் பார்த்தார். "நான் ஏழெண்டுதானே எண்ணினன்." கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் காலை கரைக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். என்ன நடந்தது தெரியுமா? ஒருவரும் நம்பவில்லை. "மாமாட மானத்தக் காப்பாத்த மருமகன் கதை கட்டுறான்" என்று நிப்றாஸ் சிரித்தான். "போன வருசம் பள்ளிக் குளத்தில முதலை எண்டு ஊரையே கூட்டினவன்தானே நீ?" நான் விட்ட பகிடிகள் எல்லாம் வரிசையாக எழும்பி எனக்கு எதிராகச் சாட்சி சொல்லின. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தரம் உண்மை சொன்னேன், மச்சான். அதற்கு ஊரே சிரித்தது.

முதலாளி மீராசாஹிபு மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப விட்டுக் காட்டு" என்றார்.

"இப்ப ஏலாது முதலாளி. ஆக்கள் கயிறோட நிக்காங்க. காத்தும் கடலுக்குத் தள்ளுது."

"பாத்தீங்களா!" என்றான் நிப்றாஸ். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். பொறுத்துக்கொண்டு நின்றேன்.

நேற்று, சனிக்கிழமை, வலை இழுத்து முடிந்து ஆட்கள் ஓய்ந்த பிறகு செய்தேன். பள்ளிவாசல் நிருவாகத்திலும் பொலிசிலும் முதலே சொல்லியிருந்தேன். உன் கொப்பியைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாற்பது எட்டு நடந்தேன். பற்றறி ஊதியிருக்கிறதா என்று தடவினேன். எல்லோரையும் தோணிகளுக்குப் பின்னால் நிறுத்தி, நான் கை காட்டும் வரை முன்னுக்கு வரக்கூடாது என்றேன். அவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கூப்பிட்டால் மட்டும் திரும்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். வானம் பார்க்க ஆள் வேண்டும். ஒருவரும் வரவில்லை. கடைசியில் மாமா வந்து என் இடப்பக்கம் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

விட்டேன். அதே தூரம், அதே வட்டம். பாருக்கு மேல் இல்லை; வேறு இடம். மோட்டரை நிறுத்தி மிதக்கவிட்டு, "பாருங்க" என்றேன்.

திரும்பினார்கள். பிறகு நிப்றாஸ், "ஆலா! மெய்யான ஆலாடா! இறக்குங்க!" என்று கத்திக்கொண்டு தோணிக்கு ஓடினான். அவன் பின்னால் ஏழெட்டுப் பேர். இரண்டு நிமிடத்துக்கு முதல்தான் இது ரெஜிபோம் என்று சொல்லியிருந்தேன். அவர்களுக்குக் கேட்டது, அவர்களின் கால்களுக்குக் கேட்கவில்லை. தோணியைத் தள்ளிக்கொண்டு, நான் விமானத்தை இறக்க வைத்திருந்த மணல் முழுவதும் நிறைந்துவிட்டார்கள்.

"ஆக்கள், ஆக்கள்!" என்றார் மாமா. "இதில இறக்காத!"

பற்றறி குறைந்துகொண்டு வந்தது. கையைக் காட்டினேன், கத்தினேன், ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் கடலையே பார்த்தார்கள். விமானம் கரைக்குத் திரும்பினால் அவர்களின் தலைகளுக்கு மேலால்தான் வர வேண்டும். ஒரு தரம் வந்துவிடும், உயரமாக எடுத்தால் ஒன்றும் நடக்காது என்று என் பழைய மூளை சொன்னது. உனக்கும் தெரியும், அந்த மூளை சொல்லி நான் எத்தனையோ செய்திருக்கிறேன். திருப்பவில்லை. மூக்கைக் கடல் பக்கம் வைத்து, மோட்டரை நிறுத்தித் தண்ணீரில் இறக்கினேன். அதற்குள் எழும்பிவிட்ட கச்சான் அதைத் தள்ளிக்கொண்டு போனது. வெள்ளையாய் ஒரு புள்ளி. பிறகு அதுவும் இல்லை. உன் இரண்டு வருடத்தையும் சேர்த்துத்தான் போட்டேன். மன்னித்துக்கொள்.

தோணியில் ஏறிய பிறகுதான் நிப்றாஸுக்கு விளங்கியது. கீழே இறங்கித் தலையைச் சொறிந்தான். "மாமா, நானும் கண்டன்தான்" என்றான். முதலாளி மாமாவிடம் வந்து, கையைப் பிடித்து, "நாளைக்கு வாங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "நீயும் வா, பொத்துற வேல கிடக்கு" என்றார். அந்த வலை பழையபடி ஆகும் வரை ஊசியும் நூலும் என் கையில்தான்.

உன்னை அனுப்ப வேண்டாம் என்று உஸ்தாதிடம் மறுபடியும் கேட்கும்,
ஹாதிக்.


விடுதி,
22.09.2024

ஹாதிக்,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், சுகம்.

உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. மூன்று தரம் பதில் எழுதி மூன்றையும் கிழித்தேன். உஸ்தாதிடம் கொடுத்த கடிதத்தைத் திருப்பி வாங்கிவிட்டேன். அதற்கு நீ நன்றி சொல்ல வேண்டாம், வாப்பாவுக்காக வாங்கினேன்.

விமானம் போனதில் எனக்குக் கவலை இல்லை. அதை நீ தண்ணீரில் இறக்கியது சரி. அது ஒன்றுதான் சரி.

ஆகஸ்ட் முழுவதும் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் வாப்பாவின் சுகத்துக்காக துஆக் கேட்டேன். நோயில்லாத மனிசருக்கு. அந்த நேரம் நீ விமானத்தை அலுமாரிக்கு மேல் வைத்துக்கொண்டு என் கடிதங்களை வாசித்திருக்கிறாய்.

உன்னை மன்னித்தேன் என்று எழுதும்படி உஸ்தாத் சொல்கிறார். எழுதலாம், எழுத்துத்தானே. அதற்கு முதல் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உம்மா போனில் "எல்லாம் சரி மகன், வாப்பா பழையபடி போறார்" என்கிறார். வாப்பாவும் அதையே சொன்னார். குரலில் பழையபடி இல்லை. தோணியில் ஏறி நிற்கும்போது அவர் எப்படிப் பார்க்கிறார் என்று நீ எழுது. பகிடி வேண்டாம். எனக்கு ஆறுதல் தருவதற்காகவும் எழுதாதே.

றிம்சான்.


சாய்ந்தமருது,
29.09.2024

அன்பின் றிம்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். மாமா, மாமி, பஸ்மிலா மூவரும் உடம்பால் சுகம். நீ கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

மாமா பழையபடி இல்லை.

கரைக்குப் போகிறார். தோணியில் ஏறி நிற்கிறார். ஆலாக்களை எல்லோருக்கும் முதல் அவர்தான் காண்கிறார். அது அவர் தோள் அசைவதில் தெரியும். முன்பு தோள் அசைந்தால் அடுத்த மூச்சில் துண்டு மேலே போகும். இப்போது போவதில்லை. முதலில் திரும்புகிறார். கரையில் நிற்கும் ஆட்களுக்குள் தேடுகிறார். என்னைத்தான். விமானம் கடலோடு போனது அவருக்குத் தெரியும். வானம் பார்த்து நின்றதே அவர்தான். ஆனாலும் தலை திரும்புகிறது. வேண்டுமென்று செய்வதாகத் தெரியவில்லை. நான் எங்கே நிற்கிறேன், என் கையில் என்ன இருக்கிறது என்று தெரியும் வரை அவருக்குத் தன் கண்ணை நம்ப முடியவில்லை.

முதல் கிழமை வலைக் குவியலுக்குப் பின்னால் இருந்து பொத்திக்கொண்டிருந்தேன். அவர் தேடியதை நான் காணவில்லை. ஒரு நாள் தேடித் தேடி, துண்டைத் தூக்க முதல் மீன் கலைந்து போய்விட்டது. அன்றுதான் விளங்கியது.

இப்போது தினமும் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டுப் போகிறேன். தோணிக்கு முன்னால், வெறும் மணலில், அவர் திரும்பினால் உடனே தெரியும் இடத்தில் நிற்கிறேன். அவர் தலை திரும்பும்போது இரண்டு கையையும் விரித்து மேலே தூக்கிக் காட்டுகிறேன். ஒன்றும் இல்லை என்று. அவர் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் துண்டு மேலே போகிறது. பாடசாலை நாட்களில் ஆறரை மணி வரை நிற்கிறேன். பிறகு அவர் என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. நேற்றுச் சனி, இன்று ஞாயிறு. இரண்டு நாளும் வலை முடியும் வரை நின்றேன்.

இது எவ்வளவு காலம் போகும் என்று எனக்குத் தெரியாது. மன்னிப்பதை நீ அதற்குப் பிறகு எழுதினால் போதும்.

இன்று காலையும் அப்படி நிற்கும்போது நிப்றாஸ் கயிற்றோடு என்னைக் கடந்து போனான். "என்னடா, பொலிஸ் புடிச்ச கள்ளன் மாதிரி கையத் தூக்கிட்டு நிக்கிற?" என்றான். நல்ல பதில் ஒன்று வாய் வரை வந்தது. மாமா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். கையை இறக்காமல் நின்றேன்.

வஸ்ஸலாம்,
ஹாதிக்.